தொப்பூர் ஏற்றமும் ஒரு ஃபீட் பம்பும்

லாரியில் டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது பழகிய கைக்குப் பெரிய வேலை இல்லை. கோளாறு அதில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வதற்குத்தான் நேரமும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பெரிய டீசல் பம்பையே இறக்கி, காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து, டீசலைப் பீய்ச்சும் நாசில் எல்லாம் மாற்றி, கடைசியில் பழைய குறையோடே வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் ஃபீட் பம்ப் சோர்ந்துபோனபோது என்னென்ன பார்த்தோம், எப்படி மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன். சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர்களுக்கும், புதிதாக ஸ்டீயரிங் பிடித்திருக்கும் தம்பிகளுக்கும் உதவும்.

வண்டி பத்துச் சக்கரம். ஆறு சிலிண்டர், 180 குதிரைத்திறன், இன்லைன் பம்ப் என்ற வகைப் பெரிய டீசல் பம்ப் வைத்த பழைய எஞ்சின். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றினால் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர், பெங்களூர்ப் பக்கம் போகும். இந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் வரும் பக்கம் இறக்கம். விபத்துக்குப் பேர்போன இடம். நாம் லோடோடு போவது எதிர்ப்பக்கம், ஏற்றத்தில். எஞ்சினில் என்ன குறை இருந்தாலும் அந்த ஏற்றம் வெளியே கொண்டுவந்துவிடும்.

முதலில் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமானது. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சாவி போட்டால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. கேபினைத் தூக்கி, ஃபீட் பம்பின் மேல் இருக்கும் ஹேண்ட் பம்பை நாலு அடி அடித்தால் பிடித்துக்கொள்ளும். வண்டி ஏற்றம் பார்த்து நின்றிருந்தால் தொல்லை அதிகம். டேங்க் நிறைய டீசல் இருந்தால் பரவாயில்லை, கால் டேங்குக்குக் கீழே போனால் கண்டிப்பாகத் தகராறு செய்யும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே விஷயம் பாதி புரிந்துவிடும். டேங்க் கீழே இருக்கிறது, பம்ப் மேலே இருக்கிறது. ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிவிடுகிறது. ஒன்று, ஃபீட் பம்புக்குள் இருக்கும் வால்வு மூடவில்லை. இல்லையென்றால் வழியில் எங்கேயோ காற்று நுழைகிறது.

நிறையப் பேர் இந்தக் கட்டத்தில் ஹேண்ட் பம்ப் அடிப்பதையே தினசரி வழக்கமாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காலையில் டீசல் ஏறாத பம்ப், கொஞ்ச நாளில் ஏற்றத்தில் எஞ்சினைப் பட்டினி போடும்.

எனக்கும் அதுதான் அடுத்து வந்தது. சமவெளியில் வண்டி நன்றாக ஓடும். தொப்பூரில் முழு லோடோடு ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்திருந்தும் எஞ்சின் தளரும். கியரைக் குறைத்தால் கொஞ்ச தூரம் இழுக்கும், மறுபடி தளரும். விட்டு விட்டு இழுப்பது போல ஒரு தடுமாற்றம். அந்த நேரத்தில் நான் முதலில் பார்த்தது சைலன்சர் புகையை. புகையே இல்லை. இது முக்கியமான அடையாளம். எஞ்சினுக்குக் காற்று பற்றவில்லை என்றால், அதாவது ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ டர்போ ஹோஸ் கிழிந்திருந்தாலோ, பலம் குறையும்போது கரும்புகை தள்ளும். டீசல் பற்றவில்லை என்றால் பலமும் குறையும், புகையும் குறையும். கரும்புகை வரும் வண்டிக்கு ஃபீட் பம்பைத் தேடிப் போக வேண்டாம்.

ஏற்றத்தில் எஞ்சின் அணைந்தால் வண்டி நின்றுவிடுகிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. கம்ப்ரசர் நின்றுவிடும், மிதித்து மிதித்துப் பார்த்தால் பிரேக்குக்கு இருக்கும் ஏரும் குறைந்துகொண்டே வரும். பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். அதனால் தளர ஆரம்பித்ததுமே இடது ஓரம் ஒதுங்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட வேண்டும். கட்டை போட்ட பிறகுதான் மற்ற யோசனை. முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே தெரிகிற மாதிரி வையுங்கள்.

அன்றைக்கு மேலே ஏறி, கணவாய் தாண்டி ஒரு பட்டறையில் காட்டினேன். எஞ்சினை ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டார்கள், ரேஸ் கொடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. "ஃபீட் பம்ப் நல்லாத்தான் அடிக்குது, பெரிய பம்பை இறக்கிடலாம்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லோடை இறக்கிவிட்டு ஊருக்கு வந்து, பல வருஷமாக டீசல் பம்ப் வேலை மட்டுமே செய்கிற அண்ணனிடம் வண்டியை விட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவர் சொன்னது: "ஏனுங்க தம்பி, ஐடிலிங்ல பாத்தா எல்லாப் பம்பும் நல்ல பம்புதானுங்க. பாரத்துல பாக்கோணும்."

அவர் சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. 180 குதிரைத்திறன் எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 160 கிராம் டீசல் என்று வைத்துக்கொண்டால், 29 கிலோ வரும். அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 35 லிட்டர். அதே எஞ்சின் ஐடிலிங்கில் மணிக்கு 2 லிட்டர் வாக்கில்தான் குடிக்கும். பாதி செத்துப்போன ஃபீட் பம்பால்கூட அந்த 2 லிட்டரைத் தாராளமாகக் கொடுக்க முடியும். ஷெட்டில் நின்றுகொண்டு ரேஸ் கொடுப்பதும் பாரம் ஆகாது. சுற்று ஏறும், டீசல் தேவை அந்த அளவுக்கு ஏறாது. அதனால் ஷெட்டில் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இந்த ஃபீட் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தெரிந்தால் குறையைத் தேடுவது சுலபம். இன்லைன் பம்பின் பக்கவாட்டில் சின்னதாக உட்கார்ந்திருக்கும். கீழே கண்ணாடியோ உலோகமோ ஆன கிண்ணத்துக்குள் சல்லடை ஒன்று சில மாடல்களில் இருக்கும். மேலே ஹேண்ட் பம்ப். பெரிய பம்பின் கேம் ஷாஃப்ட், அதாவது மேடு (கேம்) வைத்த சுழலும் தண்டு, இதன் உருளையைத் தள்ளும். உருளை ஒரு மெல்லிய தண்டைத் தள்ளும். தண்டு உள்ளே இருக்கும் பிஸ்டனை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளும். கேம் தள்ளும்போது டீசல் வெளியே போவதில்லை. பிஸ்டனின் ஒரு பக்கம் இருந்த டீசல் மறு பக்கத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். கேம் விலகியதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திரும்பத் தள்ளும். அப்போதுதான் டீசல் ஃபில்டரை நோக்கிப் போகும். அதே அசைவில் டேங்கிலிருந்து புது டீசல் உள்ளே இழுக்கப்படும்.

ஆக, பிரஷர் கொடுப்பது ஸ்பிரிங். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பிஸ்டன் திரும்ப முடியாமல் பாதியில் நிற்கும், கேம் தள்ளும் தூரமும் குறையும். பம்ப் உடையாது, ஆனால் கொடுக்கும் டீசல் குறையும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, உள்ளே வரும் வால்வும் வெளியே போகும் வால்வும் சரியாக உட்காராவிட்டாலோ, சிலிண்டர் சுவர் தேய்ந்தாலோ அதே கதைதான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பம்ப் கேம் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றும். எஞ்சின் 1500 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 750 தடவை, ஒரு மணி நேரத்துக்கு 45,000 தடவை அந்தப் பிஸ்டன் போய் வருகிறது. டீசலில் தூசியும் தண்ணீரும் கலந்து வந்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

சரி, சோதனைக்கு வருவோம். அண்ணன் ஃபீட் பம்பைத் தொடவே இல்லை. முதலில் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எவ்வளவு நல்ல பம்பாலும் இழுக்க முடியாமல் போகும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகி, ஓட்டினால் மறுபடி வரும் தொல்லைக்கு இது ஒரு காரணம். டேங்குக்குள் இழுகுழாயின் அடியில் இருக்கும் சல்லடையில் குப்பை ஒட்டிக்கொள்வதும் இன்னொரு காரணம். எஞ்சின் நின்றதும் குப்பை கீழே விழுந்துவிடும், ஓடும்போது வந்து ஒட்டிக்கொள்ளும். என் வண்டியில் இரண்டும் இல்லை.

அடுத்தது டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்குமான பைப். இந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல. அதனால் வெளியே ஈரம் இல்லை என்பதை வைத்து நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அண்ணன் ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸ் அப்பினார். காற்று போகும் இடம் இருந்தால் கிரீஸ் அதை மூடி, எஞ்சின் ஓட்டத்தில் மாற்றம் தெரியும். பிறகு ஃபீட் பம்புக்கு வரும் இடத்தில் ஒரு சாண் அளவுக்கு டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் ஹோஸை இடையில் மாட்டினார். எஞ்சின் ஓடும்போது அதற்குள் குமிழ் தெரிந்தால் டேங்க் பக்கம் காற்று எடுக்கிறது. குமிழ் தெரியவில்லை. பழைய ரப்பர் ஹோஸ் ஒன்று மட்டும் உள்பக்கம் உரிந்துவருவது போலிருந்தது. இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று அதை மாற்றினோம். தொல்லை அப்படியே இருந்தது.

பிறகு கேன் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய கேனை எஞ்சின் பக்கத்தில் வைத்து, டேங்க் லைனைக் கழற்றிவிட்டுச் சின்ன ஹோஸ் மூலம் கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் கொடுப்பது. இதில் காலை ஸ்டார்ட்டிங் சரியாகிவிட்டால் டேங்க், பைப் பக்கம்தான் குறை. சரியாகவில்லை என்றால் சந்தேகம் பம்ப் மேல் வரும். ஒரு ராத்திரி அப்படியே விட்டுப் பார்த்தோம். காலையில் அதே தகராறு.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. ஃபில்டருக்கு முன்னால் ஒரு கேஜ், ஃபில்டரைத் தாண்டி ஒரு கேஜ். இரண்டிலும் முள் இறங்கினால் ஃபீட் பம்ப் கொடுக்கவில்லை. முன்னால் நல்ல பிரஷர், பின்னால் குறைவு என்றால் ஃபில்டர் அடைப்பு. கேஜ் ஹோஸை கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது. டீசல் ஹோஸ் விட்டுப்போனால் மேலெல்லாம் டீசல் பீய்ச்சும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கிரில் வழியாக வெளியே எடுத்து, சூடான இடங்களில் படாமல் கட்டி, பக்கக் கண்ணாடிக் கம்பியில் கேஜைக் கட்டிவிட்டார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த லோடோடு தொப்பூர் ஏறினோம்.

ஐடிலிங்கில் ஒன்றரை கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டிய முள், ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் இறங்கிக்கொண்டே வந்து கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றது. இரண்டு கேஜிலும் அப்படித்தான். இந்த மாதிரி எஞ்சின்களில் பாரத்திலும் ஒரு கிலோவாவது நிற்க வேண்டும் என்பது அண்ணன் கணக்கு. உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்பதை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும்.

அப்போதும் அவர் விடவில்லை. பெரிய பம்பிலிருந்து ரிட்டர்ன் லைன் கிளம்பும் இடத்தில் ஓவர்ஃப்ளோ வால்வு இருக்கிறது. தேவைக்கு மேல் வரும் டீசலை அதுதான் டேங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பும் டீசல் பம்பின் சூட்டையும் காற்றுக் குமிழ்களையும் கூட்டிக்கொண்டு போகிறது. அதன் ஸ்பிரிங் உடைந்தோ தளர்ந்தோ போனால் டீசல் எல்லாம் ரிட்டர்னில் ஓடிவிடும். பிரஷர் குறைவாகக் காட்டும், பழி ஃபீட் பம்ப் மேல் விழும். ஷெட்டில் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரு நொடி மட்டும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். முள் சட்டென்று மேலே ஏறியிருந்தால் குறை அந்த வால்வில் என்று கொள்ளலாம். ஏதோ கொஞ்சம்தான் அசைந்தது. வால்வைக் கழற்றியும் பார்த்தோம், ஸ்பிரிங் நன்றாக இருந்தது.

இன்னொன்றையும் அவர் பார்க்கச் சொன்னார். எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக். ஆயில் லெவல் ஏறியிருந்தது, முகர்ந்தால் டீசல் வாடை. எஞ்சின் ஆயில் குறைந்தால் எல்லாரும் பதறுவார்கள். கூடினால் யாரும் கவனிப்பதில்லை. பல இன்லைன் பம்புகளுக்கு எஞ்சின் ஆயில்தான் மசகு. ஃபீட் பம்பில் அந்த மெல்லிய தண்டு போய்வரும் துளை தேய்ந்தால், டீசல் அதன் வழியாகக் கசிந்து பெரிய பம்பின் கேம் அறைக்குள் போய், அங்கிருந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போகும். ஃபீட் பம்ப் போன செலவோடு ஒப்பிட்டால் அது எங்கோ இருக்கிறது. தினமும் காலையில் ஆயில் பார்க்கும்போது லெவல் கூடுகிறதா என்பதையும் பாருங்கள்; இந்த ஒன்றை மட்டும் எல்லா டிரைவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு முடிவாகிவிட்டது. கிட் போடலாமா, முழுப் பம்ப் வாங்கலாமா என்ற கேள்வி வந்தது. கிட் என்றால் பிஸ்டன், ஸ்பிரிங், வால்வுகள், ஓ-ரிங், வாஷர் எல்லாம் இருக்கும். முழுப் பம்பைவிட மிகவும் மலிவு. வால்வு மட்டும் போயிருந்தால் கிட் போதும். கழற்றியதும் சிலிண்டர் உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகத்தில் கோடு தட்டினால் புதுப் பிஸ்டன் போட்டும் பயன் இல்லை. தண்டு போய்வரும் துளையில் தண்டை விட்டு ஆட்டிப் பார்த்தால் தள்ளாட்டம் தெரியும். அங்கே தேய்மானம் இருந்தால் ஓ-ரிங் கொஞ்ச நாள்தான் தாங்கும். எனக்கு ஏற்கெனவே ஆயிலில் டீசல் கலந்திருந்ததால் முழுப் பம்ப்தான் என்று தீர்மானித்தேன்.

வாங்கும்போது பழைய பம்பைக் கையோடு எடுத்துப் போய், அதில் பதித்திருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் "இதுவும் மைக்கோ மாதிரிதான், உட்காரும்" என்பார். மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பேர் மாறிவிட்டது, ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் இன்னும் மைக்கோ பம்ப் என்றுதான் கேட்கிறோம். உட்காருவது முக்கியமில்லை. வெளியே ஒரே மாதிரி இருக்கும் பம்புகளில் உள்ளே பிஸ்டன் அளவும் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கும். போலி வேறு நிறைய. கடையிலேயே உருளை தாராளமாகச் சுற்றுகிறதா பாருங்கள். டீசல் வரும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு ஹேண்ட் பம்பை இழுங்கள். விரலை நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வார்ப்பு சொரசொரப்பாக, ஓரத்தில் பிசிறோடு இருந்தால் வாங்காதீர்கள். அந்தப் பிசிறு உள்ளே உதிர்ந்தால் பெரிய பம்புக்குள் போகும் வழியில் ஃபில்டர் மட்டும்தான் காவல். பில் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் வேலையை நானே செய்தேன், அண்ணன் பக்கத்தில் நின்றார். எஞ்சின் ஆறிய பிறகு, சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பேட்டரி லைனை எடுத்துவிட்டு ஆரம்பித்தோம். கேபினைத் தூக்கினால் அதன் லாக் விழுந்திருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். ஃபீட் பம்பைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணையும் ஆயில் அழுக்கையும் பிரஷும் டீசலும் வைத்துச் சுத்தமாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தோம். இந்த ஒரு வேலைக்கு மற்ற எல்லா வேலையையும்விட அதிக நேரம் எடுத்தது, எடுக்கத்தான் வேண்டும். பைப்பைக் கழற்றியதும் திறந்த வாய்களைச் சுத்தமான பாலிதீன் கவரால் கட்டினோம். பனியன் வேஸ்ட்டைத் துளையில் திணிக்கவே கூடாது, ஒரு நூல் உள்ளே போனால் போதும்.

ஃபீட் பம்பைக் கழற்றுவதால் டைமிங், அதாவது நாசில் டீசல் பீய்ச்சும் நேரம், மாறாது. அது பெரிய பம்பின் பக்கவாட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. டைமிங் போய்விடும் என்று பயந்தே நிறையப் பேர் தொடாமல் இருக்கிறார்கள். நட்டுகளை ஒன்றை முழுதாகக் கழற்றாமல் மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். எடுத்ததும் கொஞ்சம் ஆயில் வழியும், கீழே தட்டு வையுங்கள். உருளை பட்ட இடத்தில் கேம் எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். பளபளவென்று வழவழப்பாக இருந்தது. அதில் குழியோ உரிந்த தடமோ இருந்தால் புது ஃபீட் பம்ப் போட்டுப் பயனில்லை, அப்போதுதான் பெரிய பம்பை இறக்க வேண்டும்.

பழைய பேக்கிங் ஒட்டியிருந்ததைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் துணியை வெளிப்பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டார் கிளீனர் தம்பி. புதுப் பம்பின் உருளையில் எஞ்சின் ஆயில் தடவி, எஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றி, கேம் தாழ்ந்திருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தோம். அப்படிச் செய்தால் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டாமல் பம்ப் அழகாக உட்காரும். கேம் மேலே நிற்கும்போது நட்டை மட்டும் நம்பி இழுத்து இறுக்கினால் பம்பின் காது உடைந்துவிடும். இறுக்குவதும் மாற்றி மாற்றித்தான்.

பைப் போல்ட்டுகளுக்குப் புதுச் செம்பு வாஷர் போடுங்கள். ஒரு வாஷர் ஒரு தடவைக்குத்தான். வழியில் புதுசு கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மறுபடி இளகும், ஊர் போய்ச் சேரலாம். அந்த இடங்களில் டெஃப்லான் டேப் சுற்றுவதைப் பார்க்கிறேன், வேண்டாம். துணுக்கு கிழிந்து உள்ளே போய் வால்வில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் ஏர் எடுக்கும் வேலை, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. புது ஃபில்டர் போட்டோம். ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடித்து, குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்கினோம். பிறகு பெரிய பம்பில் இருக்கும் ஸ்க்ரூ. அதே மாதிரி. ஹேண்ட் பம்பின் கைப்பிடியைத் திரும்ப அழுத்தித் திருகி மூடிவிட வேண்டும். திறந்தே இருந்தால் அதுவே காற்று எடுக்கும். கடைசியாக நாசில் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டார்ட்டரில் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்கினோம். ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் பிடிக்காமல், நடுவில் ஆறவிட்டுச் சுற்றுங்கள்.

நாசில் பைப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அங்கே பிரஷர் நூற்றுக்கணக்கான கிலோ. ஊசி மாதிரி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட அவ்வளவாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலை எடுக்கும் நிலை வரலாம். அப்படி ஏதும் பட்டால் மணிக்கணக்கில் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் பிரஷரில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

எஞ்சின் பிடித்ததும் சூடாகும் வரை ஓடவிட்டு, இணைப்புகளைத் துடைத்து, முகப்பவுடர் தூவிப் பார்த்தோம். ஈரம் கசிந்தால் பவுடரில் கோடு தெரியும். எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் அன்றைக்கே மாற்றினோம். டீசல் கலந்த ஆயிலை விட்டுவைத்து "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள். ஒரு டிரிப் போய் வந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை பார்த்தோம், டிப்ஸ்டிக்கையும் பார்த்தோம். லெவல் அசையவில்லை.

கேஜைக் கழற்றாமல் அதே லோடு, அதே தொப்பூர் ஏற்றத்தில் பார்த்தோம். முள் ஒன்றேகால் கிலோவுக்குக் கீழே இறங்கவில்லை. வண்டி முன்னைவிட ஒரு கியர் மேலேயே ஏறியது.

வழியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். டேங்க் பக்க இணைப்பில் காற்று எடுத்தால் துணி துவைக்கும் சோப்பைப் பிசைந்து அப்புங்கள். டீசலில் சோப்பு கரையாது, பக்கத்து ஊர் வரை போகலாம். ஃபீட் பம்பே போய்விட்டால், பழைய டிரைவர்கள் டீசல் கேனை உயரத்தில் கட்டி, ஹோஸை நேராக ஃபில்டருக்குக் கொடுத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்கள். எஞ்சின் ஓடும், பாரத்தில் இழுக்காது. ஆபத்தான வளைவிலிருந்து வண்டியை அகற்றி ஒதுக்குப்புறமாக நிறுத்துவதற்கு மட்டும் இதைச் செய்யலாம். கேன் கேபினுக்குள் இருக்கக் கூடாது, ஹோஸ் சைலன்சர் பக்கம் போகக் கூடாது.

புது வண்டிக்காரர்களுக்கு ஒன்று. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதிகள் நாடு முழுவதும் வந்த பிறகு புது லாரிகள் காமன் ரெயிலுக்கு (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலைப் பிரஷரோடு தேக்கி வைக்கும் முறை) மாறிவிட்டன. அதில் பிரஷர் ஆயிரம் பாருக்கும் மேலே. நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலையை அதில் செய்யவே கூடாது. டேங்க் மூடி, சல்லடை, ஹோஸ், ஃபில்டர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இவற்றை நாமே பார்க்கலாம். அதற்கு மேல் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

இப்போது டூல் பாக்ஸில் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒரு துண்டு, இரண்டு கிளிப், செம்பு வாஷர் ஒரு செட், ஒரு டீசல் ஃபில்டர் எப்போதும் இருக்கும். மழைக்காலத்தில் தினமும் காலையில் ஃபில்டர் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து தண்ணீர் வடிக்கிறோம். பழைய பம்பைப் பிரித்துப் பார்த்தபோது உள்சுவரில் கோடுகள் இருந்தன, தண்டு ஆடியது. அதன் ஹேண்ட் பம்ப் மட்டும் நல்ல நிலையில் இருந்ததால் கழற்றி, கவரில் சுற்றி, அதையும் பாக்ஸில் போட்டுவிட்டு மற்றதை எடைக்குக் கொடுத்துவிட்டேன்.